பதக்கம் வந்துவிட்டால் கேள்வி கேட்கக் கூடாதா?

2026 மிலான் குளிர்கால ஒலிம்பிக்குப் போகும் கனடா ஆண்கள் ஐஸ் ஹாக்கி அணியில் 6 பேரை 2025 ஜூனிலேயே அறிவித்துவிட்டார்கள். கிராஸ்பி, மெக்டேவிட், மெக்கினன், மக்கார், பாயின்ட், ரைன்ஹார்ட். இவர்களைப் பற்றி யாருக்கும் தகராறு இல்லை. இதை எழுதும்போது மீதி 19 பெயர் வரவில்லை, 2025 கடைசியில்தான் வரும். அதற்குள் எனக்கும் அண்ணனுக்கும் பாதி அணியை வைத்துச் சண்டை வந்தாயிற்று.

அண்ணன் வாதம் எப்போதும் ஒன்றுதான். "ஜெயிச்சா சரியான டீம், தோத்தா தப்பான டீம். இதுல என்ன ஆராய்ச்சி வேண்டிக் கிடக்கு?" என்பார். எனக்கு இது ஏற்கவே முடியாத பேச்சு. ஒரு தேர்வு சரியா தப்பா என்பதைப் பட்டியல் வந்த அன்றைக்குக் கையில் என்ன தெரிந்ததோ அதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். இரண்டு மாதம் கழித்து யார் கழுத்தில் எந்தப் பதக்கம் தொங்குகிறது என்பது வேறு கணக்கு. இந்த ஆட்டத்தில் பக் (பந்துக்குப் பதில் இருக்கும் ரப்பர் வட்டு) கோல் கம்பத்தில் பட்டு உள்ளே போவதற்கும் வெளியே போவதற்கும் நடுவில் ஓர் அங்குலம்கூட இருக்காது. அந்த ஓர் அங்குலத்தை வைத்துத் தேர்வுக்குழுவுக்கு மாலை போடுவதும் அநியாயம், திட்டித் தீர்ப்பதும் அநியாயம்.

அதனால் 2005 டிசம்பரிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பட்டியல் வருவதற்கு முந்தின ராத்திரியே என் அணியை எழுதி அண்ணனுக்கு அனுப்பிவிடுவேன். தேதி போட்டு அனுப்பியது அப்படியே கிடக்கும். பிற்பாடு "நான் அப்பவே சொன்னேனே" என்று மாற்றிப் பேச வழியில்லை, எனக்கும் சரி, அவருக்கும் சரி.

எங்கள் வீட்டில் இந்தச் சண்டை ஆரம்பித்தது 1998 நகானோவில். என்.ஹெச்.எல். (வட அமெரிக்காவின் தொழில்முறை ஹாக்கி லீக்) ஆட்டக்காரர்கள் முதன்முதலாக ஒலிம்பிக்குப் போன வருடம். செக் குடியரசோடு அரையிறுதி. ஜப்பானில் பகல், கனடாவில் எங்களுக்கு நள்ளிரவு தாண்டிவிட்டது. ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது ட்ரெவர் லிண்டன் கோல் அடித்து 1-1 ஆக்கினார். ஓவர்டைமிலும் முடிவு வரவில்லை. கோலியோடு (கோல்காப்பாளர்) ஒவ்வொருவராகத் தனித்து மோதும் ஷூட்அவுட்டுக்குப் பயிற்சியாளர் மார்க் க்ராஃபர்ட் அனுப்பிய ஐந்து பேர் ஃப்ளூரி, போர்க், நியூவென்டைக், லிண்ட்ராஸ், ஷானஹான். ஐந்து பேரையும் செக் கோலி டொமினிக் ஹாஷெக் தடுத்துவிட்டார். செக் பக்கம் ராபர்ட் ரைக்கல் போட்ட ஒரே கோல் போதுமானதாக இருந்தது. என்.ஹெச்.எல்.லில் அதுவரை வேறு யாரும் அடிக்காத அளவு கோல் அடித்திருந்த வேய்ன் கிரெட்ஸ்கி பெஞ்சிலேயே இருந்தார். ஆட்டம் முடிந்த பிறகும் அவர் எழுந்திருக்காமல் பனியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அண்ணன் டிவியை அணைத்துவிட்டார்.

கிரெட்ஸ்கிக்கு அப்போது 37 வயது. கோலியோடு தனியாக மோதுவது அவருடைய பெரிய பலம் இல்லை என்று சொல்பவர்கள் அன்றைக்கும் இருந்தார்கள், இன்றைக்கும் இருக்கிறார்கள். அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் அந்த ஐவரில் ரே போர்க் தடுப்பாட்டக்காரர். குறி பார்த்து அடிப்பதில் மன்னன், மறுக்கவில்லை. ஷூட்அவுட்டில் குறி மட்டும் போதுமா? கோலியை ஒரு பக்கம் சாய வைத்து மறுபக்கம் தள்ளுகிற கை வேண்டும். அந்தக் கை யாருக்கு அதிகம் என்று எந்தச் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லியிருக்கும். ஹாஷெக் அன்றைக்கு இருந்த நிலைக்குக் கிரெட்ஸ்கி போயிருந்தாலும் தடுத்திருக்கலாம். தடுத்திருந்தாலும் அவரை அனுப்பியதுதான் சரியான முடிவாக இருந்திருக்கும். நான் சொல்ல வருவது இவ்வளவுதான்.

அந்த அணியை எடுத்தவர் பாபி கிளார்க். ஃபிலடெல்ஃபியா ஃப்ளையர்ஸ் அணியின் மேலாளர். கிரெட்ஸ்கியும் ஸ்டீவ் ஐசர்மனும் இருக்கும் அணிக்கு 24 வயது எரிக் லிண்ட்ராஸ் கேப்டன். லிண்ட்ராஸ் ஃப்ளையர்ஸின் கேப்டனும்கூட. மார்க் மெஸ்ஸியே வெளியே, எதிரணியை மறித்து ஆடுவதற்கு என்று டாம்பா பேயிலிருந்து ராப் ஸமுனர் உள்ளே. மெஸ்ஸியேவின் ஆட்டம் அந்த சீசனில் இறங்கித்தான் இருந்தது, அவரை விட்டதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த "மறித்து ஆடுவதற்கு ஓர் ஆள்" என்ற யோசனை இருக்கிறதே, அது அங்கிருந்து ஆரம்பித்து இன்றுவரை போகவில்லை.

என்னை அதிகம் உறுத்துவது 2006 டுரின்தான். இந்த முறை தேர்வுக்குப் பொறுப்பாளர் கிரெட்ஸ்கியே. சிட்னி கிராஸ்பிக்கு 18 வயது, என்.ஹெச்.எல்.லில் முதல் சீசன், ஆட்டத்துக்கு ஒரு புள்ளி (கோலுக்கும், கோலுக்கு உதவிய பாஸுக்கும் தலா ஒன்று) என்ற கணக்கில் குவித்துக்கொண்டிருந்தார். பட்டியலில் அவர் பெயர் இல்லை. யாருக்காவது அடிபட்டால் உள்ளே இழுத்துக்கொள்ள உபரியாக வைத்திருந்தவர்களிலும் இல்லை. அந்த உபரி இடத்தில் யார் தெரியுமா? எரிக் ஸ்டாலும் ஜேசன் ஸ்பெஸாவும். இரண்டு பேரும் அந்த டிசம்பரில் லீகின் புள்ளிப் பட்டியலில் மேல்வரிசையில் இருந்தவர்கள். அவ்வளவு கோல் அடிக்கிற கைகளை வெளியே உட்கார வைத்துவிட்டுப் போனார்கள்.

உள்ளே டாட் பெர்டூஸி. 2004 மார்ச்சில் ஸ்டீவ் மூரைப் பின்னாலிருந்து தாக்கிப் பனியில் சாய்த்தவர். மூர் அதற்கப்புறம் என்.ஹெச்.எல்.லில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. பெர்டூஸியின் தடை 2005-ல் நீங்கிவிட்டது, லீகில் ஆட அவருக்கு உரிமை உண்டு, சரி. நாட்டின் சட்டையை அவருக்குப் போடுவது உரிமைப் பிரச்சினை இல்லையே. அது ஒரு கௌரவம். அதை யாருக்குக் கொடுக்கிறோம், யாருக்குக் கொடுக்கவில்லை என்று ஊரே பார்க்கிறது. வாசலில் ஒரு 18 வயதுப் பையன் நிற்கும்போது அந்த இடத்தை அவருக்குக் கொடுத்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். சுவிட்சர்லாந்திடம் 0-2. அந்த இரண்டு கோலையும் அடித்த பால் டிபியத்ரோ கனடாவில் பிறந்தவர். ஃபின்லாந்திடம் 0-2. காலிறுதியில் ரஷ்யாவிடம் மறுபடி 0-2. ஆறு ஆட்டங்களில் மூன்றில் ஒரு கோல்கூட இல்லாமல் ஏழாம் இடத்தோடு வீட்டுக்கு வந்தார்கள். ரஷ்யாவின் முதல் கோலை அடித்தவர் அலெக்ஸாண்டர் ஒவெச்கின், வயது 20, கிராஸ்பியைப் போலவே லீகில் முதல் சீசன். அதே அணியில் எவ்கெனி மால்கினுக்கு 19. ரஷ்யாவுக்கு வயது ஒரு தடையாகத் தெரியவில்லை.

"தோத்ததால பேசுறே" என்றார் அண்ணன். இல்லை. பட்டியல் வருமுன் அனுப்பிய மின்னஞ்சல் இன்னும் இருக்கிறது. அதில் கிராஸ்பி நான்காவது வரிசை (மாறி மாறி இறங்கும் முன்கள மூவர் குழுக்களில் கடைசி), பவர் பிளேயில் (எதிரணி ஆள் தண்டனையில் வெளியே இருக்கும் நேரம்) இரண்டாவது யூனிட். தங்கம் வாங்கியிருந்தாலும் அதே மின்னஞ்சலைத்தான் காட்டியிருப்பேன். நான்கு வருடம் கழித்து வான்கூவரில் அமெரிக்காவுக்கு எதிராக ஓவர்டைமில் தங்கம் வாங்கிக் கொடுத்த கோல் அந்தப் பையனுடையதுதான். அதையும் நான் ஆதாரமாகக் காட்ட மாட்டேன். அது 2010. தேர்வு நடந்தது 2005.

2014 சோச்சிதான் அண்ணனுக்குப் பிடித்த உதாரணம். ஆறு ஆட்டம், ஆறும் வெற்றி, மொத்தமே 3 கோல்தான் விட்டுக்கொடுத்தார்கள். இறுதி ஆட்டத்தில் ஸ்வீடனை 3-0 என்று அடித்தார்கள். மூன்றாவது கோல் கிறிஸ் குனிட்ஸ். அவரை எடுத்தது பற்றி நாங்கள் எல்லோரும் கொதித்திருந்தோம். பிட்ஸ்பர்கில் கிராஸ்பியின் பக்கத்தில் ஆடுகிறவர், இரண்டு பேருக்கும் கண் ஜாடையிலேயே புரியும், அதனால் எடுத்தோம் என்று காரணம் சொன்னார்கள். குனிட்ஸ் உழைப்பாளி. கோல் அடித்ததற்கு நானும் கைதட்டினேன். ஆனால் ஒருவருக்குப் பழக்கமானவர் என்பதற்காக ஒரு இடம் என்றால், அந்த இடத்துக்குத் தகுதியானவர் யாரோ ஒருவர் வீட்டில் இருக்கிறார் என்று அர்த்தம்.

வீட்டில் இருந்தவர் மார்ட்டின் சான் லூயி. முந்தின சீசனில் 48 ஆட்டத்தில் 60 புள்ளி எடுத்து, 37 வயதில் லீகின் புள்ளிப் பட்டியலில் முதலிடம் வந்தவர். டாம்பா பே அணியின் கேப்டன். அந்த அணியின் மேலாளர் ஸ்டீவ் ஐசர்மன். கனடா அணியைத் தேர்ந்தெடுத்தவரும் அதே ஐசர்மன். தினமும் முகம் பார்க்கிற சொந்தக் கேப்டனை, 2010-லும் விட்டுவிட்ட அதே ஆளை, மறுபடி விட்டார். பட்டியல் வந்து இரண்டு வாரத்துக்குள் சான் லூயி ஒரே ஆட்டத்தில் 4 கோல் அடித்தார். பட்டியலில் இருந்த ஸ்டீவன் ஸ்டாம்கோஸ் கால் எலும்பு முறிவிலிருந்து தேறாததால் கடைசியில் அவர் இடத்தில் சான் லூயி சோச்சிக்குப் போனார். திரும்பி வந்ததும் மார்ச்சில் நியூயார்க் ரேஞ்சர்ஸுக்கு மாறிவிட்டார். தங்கப் பதக்கம் வாங்கிய மனிதர், பதக்கம் வாங்கிய அடுத்த மாதமே அந்த மேலாளரை விட்டுப் போனார். அந்த மனசில் என்ன இருந்திருக்கும் என்று நினைத்தாலே கஷ்டமாக இருக்கிறது.

"ஆனா தங்கம் வந்ததே?" வந்தது. தற்காப்பும் கோலி கேரி ப்ரைஸும் அப்படி இருந்தார்கள். லாட்வியாவோடு காலிறுதியை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். 57 ஷாட் அடித்தோம், கிறிஸ்டர்ஸ் குட்லெவ்ஸ்கிஸ் என்ற கோலி 55-ஐத் தடுத்தார். மூன்றாவது பீரியட் பாதி தாண்டியபிறகு ஷே வெபர் அடித்த கோலில்தான் 2-1 என்று தப்பித்தோம். அந்த ஒரு பக் உள்ளே போயிருக்காவிட்டால், கோல் அடிக்கத் தெரிந்தவரை வீட்டில் விட்டீர்களே என்று அண்ணனும் சேர்ந்துதான் கத்தியிருப்பார். பட்டியல் அதேதான், ஆட்கள் அதே ஆட்கள்தான்.

2013-ல் லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாங்கிய பி.கே. சுப்பன் சோச்சிக்குப் போய் ஒரே ஒரு ஆட்டம்தான் ஆடினார். அதையும் சொல்லாமல் விட முடியவில்லை.

நல்ல முடிவு எதுவுமே எடுக்கவில்லை என்று சொன்னால் அது பொய். சோச்சிக்கு முந்தைய ஆகஸ்டில் கால்கரியில் 47 பேரை வைத்து ஒரு முகாம் நடந்தது. காப்பீட்டுச் செலவு கட்டுப்படி ஆகாததால் யாரும் பனியில் இறங்கவே இல்லை. கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்கள் ஷூ போட்டுக்கொண்டு, பந்தை வைத்து, எங்கே நிற்பது எப்படி மறிப்பது என்று நடந்து நடந்து பழகினார்கள். அந்த 47 பேரில் ஜேமி பென் இல்லை. ஆனால் சீசன் தொடங்கி அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து ஜனவரியில் எடுத்தார்கள். அமெரிக்காவோடு அரையிறுதியில் 1-0, அந்த ஒரே கோல் அவருடையது. கோலுக்காகப் பாராட்டவில்லை. ஆகஸ்டில் எழுதிய பட்டியலை ஜனவரியில் திருத்த மனசு வந்ததே, அதற்காகப் பாராட்டுகிறேன்.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இது புதுக்கதை இல்லை. 2019 உலகக் கோப்பைக்கு அம்பதி ராயுடுவை விட்டுவிட்டு நம்ம விஜய் சங்கரை எடுத்தபோது தேர்வுக்குழுத் தலைவர் "முப்பரிமாணம்" என்று ஒரு காரணம் சொன்னாரே, அதே மனநிலைதான். சங்கர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. குனிட்ஸ் மேலும் கிடையாது. கூப்பிட்டால் போகத்தானே செய்வார்கள்.

அண்ணன் மகள் டிஃபன்ஸ் ஆடுகிறாள். போன வருடம் அவளுடைய வயதுப் பிரிவின் மேல் அணிக்குத் தேர்வு நடந்தது, எடுக்கவில்லை. அன்றைக்கு நான்தான் அவளைக் கூட்டிப் போயிருந்தேன். உள்ளே வராத பிள்ளைகளைப் பயிற்சியாளர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். இவளிடம் சொன்னது இதுதான்: பின்பக்கமாக ஸ்கேட் பண்ணிக்கொண்டு வரும்போது இடது பக்கம் திரும்ப வேண்டியிருந்தால் நீ முதலில் நின்றுவிட்டு அப்புறம்தான் திரும்புகிறாய், அந்த அரை நொடியில் விங்கர் உன்னைத் தாண்டிவிடுகிறான், வலது பக்கம் அப்படி இல்லை. காகிதத்தில் ஒரு வட்டம் போட்டு எந்தக் கால் எங்கே போக வேண்டும் என்று வரைந்தும் காட்டினார். காரில் அவள் அழுதாள். அழுது முடித்துவிட்டு, "அத்தை, அவர் சொன்னது கரெக்ட்தான், எனக்கே தெரியும்" என்றாள்.

பிள்ளைகளுக்குக் கிடைக்கிற இந்த மரியாதை சான் லூயிக்கு வெளிப்படையாகக் கிடைத்ததா? ரசிகர்களுக்குக் கிடைக்கிறதா? பட்டியல் வாசிக்கும் நாளில் வருகிற பதில் எப்போதும் ஒரே அச்சு. "கஷ்டமான முடிவுகள். நம் நாட்டில் திறமைக்குப் பஞ்சமில்லை." இது காரணம் இல்லை. அமெரிக்கா 2014-ல் வேறு மாதிரி செய்து பார்த்தது. தேர்வுக் கூட்டத்துக்குள் பத்திரிகையாளர்களை அனுமதித்தார்கள். பாபி ரயன் என்ற ஆட்டக்காரரை ஏன் விட்டார்கள் என்று தேர்வுக்குழுவில் இருந்த பிரையன் பர்க் பேசியது அப்படியே வெளியே வந்து, ரயனிடம் தீவிரம் இல்லை என்று நாடே படித்தது. அந்த மனிதர் நொந்துபோனார். நான் கேட்பது அதுவும் இல்லை. விடப்பட்டவரை அவமானப்படுத்த வேண்டாம். எடுக்கப்பட்டவரை ஏன் எடுத்தோம் என்று சொல்லுங்கள், போதும். இவர் பெனால்டி கில்லுக்கு (நம் ஆள் தண்டனையில் வெளியே இருக்கும்போது மறிப்பதற்கு), இவர் இரண்டாவது பவர் பிளேக்கு, இவர் மூன்றாவது கோலி, ஆட வாய்ப்பு குறைவு. அதைச் சொன்னால் நாங்கள் சண்டை போடுவதற்காவது ஒரு அடிப்படை இருக்கும்.

இன்னொன்று, என்.ஹெச்.எல். அணி மேலாளர்களையே தேர்வாளர்களாகப் போடுவது. கிளார்க், ஐசர்மன் எல்லாம் அப்படித்தான். மிலானுக்குத் தேர்வு செய்கிற டக் ஆம்ஸ்ட்ராங் 2025-ல் செயின்ட் லூயிஸ் ப்ளூஸின் மேலாளர், அந்த அணியின் கோலி ஜார்டன் பின்னிங்டன். ஆம்ஸ்ட்ராங் நேர்மையாகத்தான் நடப்பார் என்றே நம்புகிறேன். ஆனால் அவர் பின்னிங்டனை எடுத்தாலும் பேச்சு வரும், விட்டாலும் அவர் தன் அணிக்குத் திரும்பிப் போய் அந்தக் கோலியின் முகத்தைப் பார்க்க வேண்டும். சான் லூயி விஷயத்தில் இது எங்கே போய் முடிந்தது என்று பார்த்தாயிற்று. ஓய்வுபெற்ற மேலாளர்கள், பயிற்சியாளர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் கொடுக்கலாமே.

பின்னிங்டன் பெயர் வந்ததால் 2025 பிப்ரவரியைப் பேசாமல் தாண்ட முடியாது. நான்கு நாடுகள் போட்டி. வாஷிங்டனில் கோலி லோகன் தாம்ஸன் அந்த சீசனில் பிரமாதமாக நின்றுகொண்டிருந்தார், அவரை எடுக்கவில்லை. பின்னிங்டன் சாதாரணமான சீசனில் இருந்தார், அவர்தான் முதல் கோலி. மான்ட்ரியாலில் அமெரிக்காவிடம் 1-3 தோற்றபோது ஊரே அவர் மேல் பாய்ந்தது. அது தப்பு, அந்தத் தோல்விக்கு அவர் மட்டும் காரணம் இல்லை. பாஸ்டனில் இறுதி ஆட்டம், மறுபடி அமெரிக்கா. ஓவர்டைமில் ஆஸ்டன் மேத்யூஸ் அடித்ததை அவர் தடுத்ததைப் பார்த்து நானும் சோபாவிலிருந்து எழுந்து கத்தினேன். மார்னர் கொடுத்த பாஸில் மெக்டேவிட் முடித்தார், 3-2. அண்ணன் உடனே போன் பண்ணி, "இப்ப என்ன சொல்றே?" என்றார். டிசம்பரில் சொன்னதையேதான் சொன்னேன். பின்னிங்டன் அன்றைக்கு அருமையாக ஆடினார். 2024 டிசம்பரில் கனடாவின் சிறந்த கோலி தாம்ஸன். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்.

மூன்றே மாதத்தில் உலக சாம்பியன்ஷிப் காலிறுதியில் டென்மார்க்கிடம் 1-2 என்று தோற்றதும் இதே கனடாதான். கிராஸ்பி, மெக்கினன் இருந்த அணி. அந்தத் தேர்வைப் பற்றி அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது மக்லின் செலப்ரீனி. 2006 ஜூனில், டுரின் முடிந்து நான்கு மாதத்தில் பிறந்தவர். முதல் சீசனில் 70 ஆட்டத்தில் 63 புள்ளி. ஒலிம்பிக் நடக்கும்போது 19 வயது இருக்கும். "சின்னப் பையன், அடுத்த ஒலிம்பிக் இருக்கு" என்று இப்போதே பேச ஆரம்பித்துவிட்டார்கள். கிராஸ்பிக்கும் இதையேதான் சொன்னார்கள். அடுத்த ஒலிம்பிக் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. 2018-க்கும் 2022-க்கும் என்.ஹெச்.எல். ஆட்டக்காரர்கள் போகவே இல்லை. கானர் மெக்டேவிட் எவ்வளவு பெரிய ஆட்டக்காரர், 2025 வரை ஒரு ஒலிம்பிக் ஆடியதில்லை.

என் பட்டியல் ஏறக்குறைய முடிந்துவிட்டது. செலப்ரீனி மூன்றாவது வரிசை சென்டர், கோலியில் முதல் பெயர் தாம்ஸன். நான்காவது வரிசையிலும் "மறித்து ஆட" என்று தனியாக யாரும் இல்லை, கோல் அடிக்கிறவர்களுக்கு மறிக்கவும் தெரியும். பாயின்ட்டையும் ரைன்ஹார்ட்டையும் பெனால்டி கில்லில் போட்டுப் பாருங்கள். அண்ணன் செலப்ரீனியை 26-வது ஆளாக, அதாவது 25 பேர் அணிக்கு வெளியே வைத்திருக்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை அதைப் பற்றித்தான் பேசப்போகிறோம். தடுப்பாட்டத்தில் எட்டாவது இடத்துக்கு மட்டும் எனக்கு இன்னும் ஆள் அமையவில்லை, உங்கள் பெயரைக் காரணத்தோடு எழுதுங்கள்.